வண்டி எப்போது சூடாகிறது?

நேயர்களுக்கு வணக்கம். நாமக்கல் பக்கம் கார் பட்டறை வைத்திருக்கிறேன். வெயில் ஏற ஏற எங்கள் பட்டறைக்கு அதிகமாக வரும் ஒரு புகாரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். "வண்டி ஹீட் ஆகுதுங்க. ரேடியேட்டர் மாத்தியாச்சு, வாட்டர் பம்ப் மாத்தியாச்சு, அப்பவும் நிக்கல." இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர் அதற்குள் கணிசமான பணத்தைச் செலவழித்திருப்பார். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும். ஏனென்றால் பல நேரங்களில் அவர் மாற்றிய பாகங்கள் எல்லாம் நல்ல நிலையிலேயே இருந்திருக்கும்.

அப்படி ஒருவர் வந்தால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே நான் கேட்பது, வண்டி எப்போது சூடாகிறது என்றுதான். சிக்னலில் நிற்கும்போதா? பைபாஸில் வேகமாகப் போகும்போதா? மலை ஏறும்போதா? ஏசி போட்டால் மட்டுமா? வண்டி ஓட்டுகிறவர் இதைக் கவனித்துச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடும். மிச்சமுள்ள சூட்டை, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வர, அங்கே காற்று அதை வாங்கிக்கொள்கிறது. வண்டி வேகமாகப் போனால் எதிர்காற்றே போதும். நின்றால் ஃபேன் சுற்றியாக வேண்டும். ஆகவே டிராஃபிக்கில் மட்டும் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கிவிட்டால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கனெக்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சில ஃபேன்கள் மோட்டாரின் உடம்பில் ஒரு குச்சியால் லேசாகத் தட்டினால் சுற்ற ஆரம்பிக்கும். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும், கையை உள்ளே விடாதீர்கள்.

நேர்மாறாக, ஊருக்குள் சரியாக ஓடி பைபாஸில் சூடானால் ஃபேனை விட்டுவிடலாம். ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து பாதி குழாய்கள் அடைத்திருக்கலாம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் பஞ்சும் பூச்சியும் தூசியும் சேர்ந்து மெத்தை கட்டியிருக்கலாம். முன்னால் நின்று பார்த்தால் அது தெரியாது. ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குக் கூலண்ட் திரும்பும் கீழ் ஹோஸ் உள்ளே தளர்ந்துபோய், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பம்ப் இழுக்கும் இழுப்பில் அமுங்கிவிடுவதும் உண்டு. வண்டி ஐடிலில் நிற்கும்போது அந்த ஹோஸ் ஒன்றுமே தெரியாதது போல இருக்கும். ஒருவர் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் மாட்டும்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரஷர் குக்கருக்கு வெயிட் எப்படியோ, கூலிங் சிஸ்டத்துக்கு அந்த மூடி அப்படி. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் போட்டிருக்கும். அந்த அழுத்தத்தை அது பிடித்து நிறுத்துவதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரியை ஒட்டித் தாங்குகிறது. ரப்பர் காய்ந்துபோன மூடியால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் சீக்கிரமே கொதித்து ரிசர்வ் டேங்கில் பொங்கி வழியும். விலை குறைந்த சாமான் என்பதாலேயே யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை.

அடுத்து, சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குக் கூலண்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. நம் ஊர்களில் வண்டி சூடாகிறது என்றாலே, "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்கு" என்று கழற்றி வீசிவிடுகிற பழக்கம் இருக்கிறது. அந்த வால்வு இன்ஜினைச் சீக்கிரம் சூடேற்றி, 90 டிகிரியை ஒட்டிய நிலையில் வைத்திருப்பதற்காக இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடும். இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் அடிக்கும். மைலேஜ் குறையும், இன்ஜின் தேய்மானம் கூடும். அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. பல இன்ஜின்களில் இந்த வால்வு திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. வால்வை எடுத்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டரையே பார்க்காமல் இன்ஜினுக்குத் திரும்பும். சூடு குறையட்டும் என்று செய்த வேலை சூட்டைக் கூட்டிவிடும்.

வால்வு கெட்டிருக்கிறதா என்று சோதிப்பதும் சிரமமில்லை. கழற்றினால் அதன் மேலேயே 82 அல்லது 88 என்று திறக்கும் சூடு பொறித்திருக்கும். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து அடுப்பில் ஏற்றுங்கள். அந்த எண் வரும்போது நடுவில் இருக்கும் தட்டு மெதுவாக எழும்ப ஆரம்பிக்கும். இன்னும் 10, 15 டிகிரி ஏறியதும் நன்றாகத் திறந்துவிடும். தண்ணீர் கொதித்த பிறகும் அசையவில்லை என்றால் புதுசு வாங்கிப் போடுங்கள். புதுசு போடுங்கள் என்றுதான் சொல்கிறேன், இல்லாமல் ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை.

சரி, கூலண்ட் அடிக்கடி குறைகிறது, ஆனால் வெளியே எங்கேயும் ஒழுகவில்லை. அப்போது? முதலில் வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கும் சின்னத் துளையைப் பாருங்கள். சீல் போனால் அதன் வழியாகத்தான் கசியும், சூட்டில் காய்ந்து வெள்ளையாகவோ கூலண்டின் நிறத்திலோ கறை மட்டும் நிற்கும். அங்கேயும் இல்லை என்றால், இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட்டை நினைக்க வேண்டும்.

டாக்சி ஓட்டும் ஒரு தம்பி வந்தார். "அண்ணே, கீழ எவ்வளவு தூரம் ஓட்டினாலும் ஒண்ணும் இல்லண்ணே. காரவள்ளி தாண்டி மலை ஏறினா மட்டும் முள்ளு மேல போயிடுது" என்றார். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ரேடியேட்டர் புதுசு, பம்ப் புதுசு, வால்வைக் காணோம். வண்டியை ராத்திரி பட்டறையிலேயே நிறுத்திவைத்தோம். காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்து, வாய் வரைக்கும் கூலண்ட் நிரப்பி ஸ்டார்ட் செய்தோம். முதலில் வந்த நாலைந்து குமிழிகள் பெரிய விஷயமில்லை, அது உள்ளே தங்கிய காற்று. ஆனால் நிற்காமல், ஒரே சீராகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. இன்ஜின் இன்னும் சூடுகூட ஆகவில்லை, மேல் ஹோஸும் குளிர்ச்சியாகவே இருந்தது. அதற்கென்று இருக்கிற நீலத் திரவக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து அந்த ஆவியை இழுத்தோம். நீலம் மஞ்சளாக மாறியது. சிலிண்டரில் எரிகிற புகை கூலண்டுக்குள் வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. சமதரையில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அதனால் கசிவும் கொஞ்சம்தான். மேடு ஏறும்போது அழுத்தம் கூடி, புகை கூலண்டைத் தள்ளிவிடுகிறது.

ஹெட்டைக் கழற்றி, நேர்ச் சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம். பல சின்ன இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக்கூடாது. இது அதைத் தாண்டி வளைந்திருந்தது. எப்படி வளைந்தது என்று பேச்சுக் கொடுத்தபோதுதான் கதை வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் ஃபேன் ஃப்யூஸ் போய் வண்டி சூடாகியிருக்கிறது. முள் சிவப்பில் நின்றபோதும், வீடு பக்கம்தானே என்று ஓட்டிவந்துவிட்டார். ஃப்யூஸை மறுநாளே மாற்றிவிட்டார். அலுமினிய ஹெட் வளைந்தது வளைந்ததுதான். அதற்குப் பிறகு மாற்றிய எந்தப் பாகமும் அந்த வளைவைச் சரிசெய்யப் போவதில்லை. லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமப்படுத்தி, புது கேஸ்கட்டும், கழற்றி எறிந்த வால்வுக்குப் பதில் புது வால்வும் போட்டுக் கொடுத்தோம்.

அதனால் முள் சிவப்புக்குப் போனால் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஏசியை நிறுத்துங்கள். ஆவி அடித்தால் உடனே இன்ஜினை ஆஃப் செய்துவிடுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடாமல் மூடியில் கை வைக்கக்கூடாது, கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. அப்புறம், சூடாகிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூலண்ட் மொத்தமும் போய் சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் அப்படி இறங்கும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் என்ன செய்யும் என்பதைப் பழைய ரேடியேட்டரை அறுத்துப் பார்த்தால் தெரியும், குழாய்க்குள் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். கெட்டியான கூலண்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலக்க வேண்டும். கலக்காமல் அப்படியே ஊற்றினால் சூட்டைக் கடத்துவது குறைந்து இன்ஜின் இன்னும் சூடாகும். கலந்தே வருகிற கூலண்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள், அது சாயம்தான். வண்டிக் கையேட்டில் என்ன வகை போட்டிருக்கிறதோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுத்த பிறகு ஒரு வாரம் தினமும் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். உள்ளே தங்கிய காற்று வெளியேறுவதால் முதல் நாள் கொஞ்சம் குறையலாம், அது சரிதான். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்கும்படி நிரப்பி வையுங்கள். அதற்குப் பிறகும் நாளுக்கு நாள் இறங்கினால், ஊற்றி ஊற்றிச் சமாளிக்காமல் வண்டியைத் திரும்பப் பட்டறைக்கே கொண்டுபோங்கள். எப்போது, எந்த ரோட்டில், எவ்வளவு குறைந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.