தலைவருக்குக் குரல் கொடுத்தவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். யூத மரபைத் தாங்கி நிற்பது ஆன்மிகத் தலைவர்களின் மேன்மையா, மக்களின் ஒற்றுமையா என்னும் தலைப்பில், மக்களின் ஒற்றுமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், சீனாய் மலையில் மோசே நாற்பது நாள் தனித்திருந்ததைச் சொல்லி, "அங்கே மக்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். மக்கள் அடிவாரத்தில் பொன் கன்றுக்குட்டியை வணங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கன்றுக்குட்டியில் மோசேக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் "இறங்கிப் போ" என்ற கட்டளை அவருக்குத்தான் வந்தது. 'உன் பெருமையை விட்டு இறங்கு. இஸ்ரவேலரை முன்னிட்டல்லவா அதை உனக்குத் தந்தேன்' என்று இறைவன் சொன்னதாக, யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் அதற்கு விளக்கம் தருகிறது. வாக்களிக்கப்பட்ட நாட்டை வேவு பார்த்து வந்தவர்களின் பேச்சைக் கேட்டு மக்கள் கலங்கிய பின்பு பாலைவனத்தில் கழிந்த 38 ஆண்டுகளில், இறைவன் மோசேயோடு முன்போல் அன்பாக உரையாடவில்லை என்கிறார் 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி.

இவையெல்லாம் மக்களின் பாவத்தைப் பற்றியவை, ஒற்றுமையைப் பற்றியவை அல்லவே என்று எதிரணியினர் மடக்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே யவ்னே நகருக்கு வருகிறேன்.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்த பின்பு, யூத அறிஞர் அவை யவ்னேயில் கூடியது. அதன் தலைவர் ரபான் கமாலியேல். இரவுத் தொழுகை கட்டாயமா, விருப்பமா என்பதில் அவை அறிஞரான ரபி யெகோசுவா அவரோடு மாறுபட்டபோது, தலைவர் தாம் அமர்ந்து பாடம் நடத்திக்கொண்டே, முதியவரான யெகோசுவாவை அவை நடுவே நிற்க வைத்தார். அக்காலத்தில் ஆசிரியர் சொல்வதை உரக்க எடுத்துச் சொல்ல அவையில் ஒருவர் இருப்பார்; அன்று அப்பணியில் இருந்தவர் ஹுட்ஸ்பித். முணுமுணுத்த கூட்டம் அவரைப் பார்த்து "நிறுத்து" என்றது, அவர் நிறுத்திவிட்டார். அதோடு தலைவரின் பாடமும் நின்றது. கமாலியேலின் கல்வியில் அன்று ஒரு குன்றிமணியும் குறையவில்லை என்பதை நடுவர் கவனிக்க வேண்டும். அவரை நீக்கிவிட்டு அறிஞர் எலியாசார் பென் அசரியாவை அமர்த்தினார்கள், மாணவர்களைத் தடுத்து நிறுத்திய வாயிற்காவலனை அகற்றினார்கள், அன்றைக்கே நானூறு இருக்கைகள் கூடின என்கிறார் தல்மூதில் ஒருவர், எழுநூறு என்கிறார் மற்றவர்.

பிறகு கமாலியேல் மன்னிப்புக் கேட்க யெகோசுவாவின் வீட்டுக்குப் போனார். சுவர்கள் கறுத்திருந்தன. "சுவரைப் பார்த்தால் நீர் கரி சுடுபவர் என்று தெரிகிறதே" என்றார். "நீர் தலைவராக இருக்கும் தலைமுறைக்கு ஐயோ! அறிஞர்கள் படும் பாட்டை நீர் அறியவில்லையே" என்று விடை வந்தது. அத்தனை நாள் தமக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் பிழைப்பையே அறியாத தலைமையைத்தான் எதிரணியினர் மேன்மை என்கிறார்களா?

அவர்கள் சமாதானமான பின்பு, பதவியைப் பழையபடி கமாலியேலுக்கே முழுமையாகத் தரவில்லை. எலியாசாரையும் விலக்காமல், பாடம் நடத்தும் வாரங்களை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். தொழுகை பற்றிய கருத்து வேறுபாட்டுக்காகக் கமாலியேல், யெகோசுவா இருவரில் எவரையும் அவையைவிட்டு வெளியேற்றவும் இல்லை. தலைவரை இறக்கவும், திரும்ப ஏற்றவும், பதவியைப் பங்கிடவும் அந்த அவைக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்பதை எதிரணியில் அடுத்துப் பேசுபவர் விளக்கட்டும்.