தின் டிஸ்க் காப்பி ஆனதும் ஏன் வீங்குது?

[திரை: காப்பி முடிந்த டேட்டாஸ்டோர்]

ஒரு விஎம்மோட (விர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள்ள ஓடற மென்பொருள் கம்ப்யூட்டர்) 100 ஜிபி விர்ச்சுவல் டிஸ்க். 'தின்' (thin) முறையில, அதாவது எழுத எழுத மட்டும் இடம் பிடிக்கிற மாதிரி உருவாக்கினது, அதனால இதுவரைக்கும் பிடிச்ச இடம் 20 ஜிபிதான். வேற டேட்டாஸ்டோருக்கு (டிஸ்க் ஃபைல்களை வெக்கிற ஸ்டோரேஜ்) காப்பி பண்ணியாச்சு. அங்க போய்ப் பார்த்தா முழுசா 100 ஜிபி போயிருக்கு. முழு இடத்தையும் முதல்லயே ஒதுக்கிடற 'திக்' (thick) முறையை யாரும் எங்கேயும் தேர்ந்தெடுக்கலை.

ஸ்டோரேஜைத் திட்டறதுக்கு முன்னாடி அளவைச் சரியா பாருங்க. இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்களை ஓட்டற விஎம்வேர் மென்பொருள்) ஷெல்லுல, அதாவது கமாண்ட் அடிக்கிற திரையில, 'எல்எஸ்' ரெண்டு பக்கமும் 100ன்னுதான் காட்டும். அது டிஸ்க்குக்குச் சொல்லி வெச்ச அளவு. நிஜமா பிடிச்ச இடத்தைச் சொல்றது 'டியு'. ஒரு பக்கம் எல்எஸ், இன்னொரு பக்கம் டியு பார்த்துட்டு பதறினவங்க உண்டு.

[அனிமேஷன்: 100 கட்டங்கள், 20இல் மட்டும் நிறம்]

டியுவும் 100 காட்டுதா? அப்ப நிஜமாவே வீங்கியிருக்கு. எழுதாத இடத்துக்கு ஃபைல் சிஸ்டம் பிளாக்கே (டிஸ்க் இடத்தோட ஒரு துண்டு) ஒதுக்காம விடுறதுதான் தின். அந்த இடத்தைப் படிச்சா பூஜ்யம்னு பதில் வரும். சாதாரண காப்பி கமாண்ட் அதை டேட்டான்னு நம்பி, 80 ஜிபி பூஜ்யத்தை அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிடும்.

கூடவே வர்ற, டிஸ்க்கோட விவரம் மட்டும் இருக்கிற குட்டி விஎம்டிகே ஃபைல்ல மட்டும் 'தின்'னு ஒரு வரி அப்படியே இருக்கும். அதைத் திருத்திப் பிரயோஜனமில்லை, ஒரு பைட்கூட திரும்பாது.

அதனால காப்பி பண்ற கருவிக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். விஎம்மை ஆஃப் பண்ணிட்டு, இஎஸ்எக்ஸ்ஐயோட டிஸ்க் கருவியான விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ்ல 'மைனஸ் ஐ'யோட (-i) 'மைனஸ் டி தின்' (-d thin) சேர்த்துக் குடுங்க. ஸ்டோரேஜ் விமோஷன்னா (டிஸ்க்கை வேற டேட்டாஸ்டோருக்கு நகர்த்தற விஎம்வேர் வசதி) டிஸ்க் ஃபார்மேட்டை நீங்களே தேர்ந்தெடுங்க. லினக்ஸ்ல ஆர்சிங்க்ங்கிற காப்பி கருவின்னா 'ஸ்பார்ஸ்' ஆப்ஷன். நெட்வொர்க் வழியா காப்பி பண்ற எஸ்சிபி வேண்டாம், அதுல அந்த வசதியே கிடையாது.

[திரை: வீங்கிய டிஸ்க், விஎம் ஆஃப்]

ஏற்கெனவே வீங்கிடுச்சா? விஎம்எஃப்எஸ் (விஎம்வேரோட சொந்த ஃபைல் சிஸ்டம்) டேட்டாஸ்டோர்னா விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ்ல பெரிய 'கே' ஆப்ஷன், 'பஞ்ச்ஜீரோ'. பூஜ்யம் மட்டும் இருக்கிற பிளாக்கை விடுவிச்சு டிஸ்க்கைத் திரும்ப தின் ஆக்கிடும். எப்பவுமே எழுதாத இடம் இதுலயே திரும்பிடும். விஎம்முக்குள்ள அழிச்ச ஃபைலோட இடம் திரும்பாது, ஏன்னா பழைய டேட்டா இன்னும் அங்கேயே கிடக்கு. அதுக்கு முதல்ல உள்ளேயிருந்து காலி இடத்துல பூஜ்யம் எழுதணும். விண்டோஸ்னா 'எஸ்டிலீட் மைனஸ் இசட்'. ஆனா இதை ஒரு தின் டிஸ்க்குல பண்ணினா அது முதல்ல முழு அளவுக்கு வளரும். டேட்டாஸ்டோர்ல இடம் இருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க.

தலைகீழாவும் நடக்கும். திக் டிஸ்க் என்எஃப்எஸ்ஸுக்கு (நெட்வொர்க் வழியா பகிர்ற ஸ்டோரேஜ்) போனதும் தின் ஆயிடும். இடம் மிச்சம்னு அதுல இன்னும் நாலு விஎம் ஏத்துவீங்க; ஒருநாள் டேட்டாஸ்டோர் நிரம்பி எல்லாம் பாதியில நிக்கும். என்எஃப்எஸ்ல திக் வேணும்னா ஸ்டோரேஜ் கம்பெனி தர்ற விஏஏஐ பிளகின் (டிஸ்க் வேலையை ஸ்டோரேஜ்கிட்டயே ஒப்படைக்கிற இணைப்பு) ஹோஸ்ட்ல, அதாவது இஎஸ்எக்ஸ்ஐ ஓடற மெஷின்ல இருக்கணும். இல்லாட்டி அங்க தின் மட்டும்தான்.