கொடி பிடித்த மருத்துவ மாணவர்

நேயர்களுக்கு வணக்கம்.

சுதந்திரம் கிடைத்த பிறகு ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியக் கால்பந்து அணிக்கு யார் கேப்டன் என்று கேட்டால், சைலன் மன்னா என்பார்கள் பலர். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மன்னா அந்த அணியில் ஆடினார், உண்மைதான். அவர் கேப்டனானது அதற்குப் பிறகு. 1948-இல் லண்டனுக்கு அணியை அழைத்துப் போனவர் தலிமெரன் ஆவ். நாகா மலைக்காரர். அப்போது அவர் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்.

பிறந்தது 1918-இல், சாங்கி கிராமத்தில். இன்றைய நாகாலாந்தின் மொகோக்சுங் மாவட்டம் அது. அப்பா தேவாலயப் போதகர். 1935-இல் டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. மகன் டாக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. பந்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஆனால் பையனின் காலில் பந்து ஒட்டிக்கொண்டது. குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படிக்கும்போது மஹாராணா கிளப்புக்கு ஆடினார். மருத்துவப் படிப்புக்காகக் கல்கத்தா கார்மைக்கேல் கல்லூரிக்கு வந்தவரை, 1943-இல் அந்த ஊர்க் கால்பந்து கிளப்பான மோகன் பகான் சேர்த்துக்கொண்டது. பிறகு அதன் கேப்டனாகவும் ஆனார்.

மோகன் பகான் என்றால் சும்மாவா! 1911-இல் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியைத் தோற்கடித்து இந்தியக் கால்பந்து சங்கத்தின் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற கிளப். அன்று அவர்களில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் வெறுங்கால்தான். அந்தப் பழக்கம் 1948-இலும் நீடித்தது. லண்டனில் ஆடிய நம் ஆட்டக்காரர்களிலும் பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் காரணம் கேட்டபோது, 'நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்' என்று ஆவ் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. சொன்னாரோ இல்லையோ, கதை நிலைத்துவிட்டது. எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. அந்த ஒரு வேடிக்கைப் பேச்சோடு அந்த மனிதரை நாம் முடித்துவிடுகிறோம்.

ஆட்டத்துக்கு வருவோம். ஜூலை 31, இல்ஃபோர்ட் மைதானம், எதிரணி பிரான்ஸ். முதல் கோல் பிரான்ஸுக்கு. எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். மைசூர் அணி ஆட்டக்காரர் அவர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அவர் அடித்ததுதான். நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டும் வீண். ஒன்றை அடித்தவர் மன்னா, மற்றொன்றை மகாவீர் பிரசாத். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டது. இரண்டுக்கு ஒன்று. தோற்றாலும், பார்க்க வந்தவர்கள் கைதட்டித்தான் அனுப்பினார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த ஒலிம்பிக் தொடக்க விழாதான் என் மனதில் நிற்கிறது. அணிவகுப்பில் மூவர்ணக்கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் இந்த ஆவ்தான். அதற்கு ஓராண்டுகூட ஆகவில்லை, 1947 ஆகஸ்ட் 14 அன்று நாகா மக்களின் அரசியல் அமைப்பான நாகா தேசியக் குழு தங்களுக்குத் தனி விடுதலை என்று அறிவித்திருந்தது. ஊரில் அந்த நெருப்பு, கையில் இந்தக் கொடி. நடக்கும்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? அதை ஊகித்துச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

லண்டனின் ஆர்சனல் கால்பந்து கிளப் அவரைக் கூப்பிட்டதாகவும், படிப்பு பாதியில் நிற்கிறதே என்று அவர் மறுத்ததாகவும் சொல்வார்கள். எப்படியோ, கல்கத்தாவுக்குத் திரும்பி வந்து 1950-இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அப்பா இறந்து பதினைந்து வருஷம் கழித்து!

1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்று அடித்து நொறுக்கியது. பூட்ஸ் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். ஆவ் அந்த அணியில் இல்லை. மலைக்குத் திரும்பி, கோஹிமாவில் அரசு மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் நாகாலாந்து சுகாதாரத் துறையின் இயக்குநராக இருந்து 1978-இல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பரில், எண்பதாவது வயதில் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது, 2018-இல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.