புளியங்கொட்டைக்கு நேற்று விழுந்தது ஞாபகம் இருக்குமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மரபணுவைப் பற்றி, அதாவது பெற்றோரின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டுபோகும் குறிப்பைப் பற்றி, பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். அதோடு பல வருடங்களாக நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ரத்தப் பரிசோதனை முகாம்களுக்குப் போய் வருகிறேன். அரிவாள் செல் சோகை என்ற நோயைப் பற்றி அங்கே வீடு வீடாக உட்கார்ந்து பேசுவேன். சிக்கிள் செல் என்றால் மலையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணு உருண்டையாக, நடுவில் சற்றுக் குழிந்து இருக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்துவிடுகிறது. வளைந்த அணு சின்ன ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்ளும், அப்போது தாங்க முடியாத வலி வரும். குளிரில் விறைத்தாலும் வரும், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலும் வரும். நல்ல சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும். வளைந்தது பத்து இருபது நாளில் அழிந்துவிடும். அதனால்தான் ரத்தசோகை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு முகாமில், தேயிலை பறிக்கப் போகும் ஒரு பெண் என்னிடம் வந்து உட்கார்ந்தார். மடியில் இரண்டு வயதுப் பையன். அவனுக்கு நோய் இருப்பது உறுதியாகியிருந்தது. கணவர், மனைவி இரண்டு பேருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அந்தப் பெண் மூன்று மாதக் கர்ப்பம். "டீச்சர், நாலு புள்ளைல ஒண்ணுக்கு வரும்னு சொன்னாங்க. அந்த ஒண்ணு இவனுக்கு வந்துருச்சு. இனி மூணு பேருக்கு வராதுல்ல?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எங்கோ ஒருவர் அவசரத்தில் "நாலில் ஒன்று" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னதில் தப்பில்லை, ஆனால் அந்தத் தாயின் காதில் அது வேறு கணக்காக விழுந்துவிட்டது. அந்த நிம்மதியை நான் கலைக்க வேண்டியிருந்தது. இன்று நான் இங்கே வந்ததே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

வீட்டில் தாயம் ஆடியிருப்பீர்கள். புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோம், மறுபக்கம் அப்படியே கறுப்பாக இருக்கும். முடிந்தால் இப்போதே இரண்டு கொட்டையைத் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது. கறுப்புப் பக்கம் நல்ல மரபணு. வெள்ளைப் பக்கம் அரிவாள் மரபணு. அப்பாவிடம் இரண்டும் உண்டு, அம்மாவிடமும் இரண்டும் உண்டு. ஒரு நல்ல மரபணு இருந்தாலே சமாளித்துக்கொள்ளலாம் என்பதால் இருவருக்கும் நோய் இல்லை. இப்படிப்பட்டவர்களைக் கேரியர் என்கிறோம், பாடப்புத்தகத்தில் கடத்தி. தனியாக இருக்கும்போது அடங்கிக் கிடந்து, ஜோடி சேர்ந்தால் மட்டும் வெளியே தெரியும் குணத்துக்கு ஒடுங்கு பண்பு என்று பெயர்.

ஒரு குழந்தை உருவாகும்போது அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டு கொட்டையையும் குலுக்கிப் போடுங்கள். இரண்டும் கறுப்பு என்றால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றால் பெற்றோரைப் போலவே கேரியர். இரண்டுமே வெள்ளை என்றால்தான் நோய். முதல் நிலைக்கு நாலில் ஒரு பங்கு, நடுவில் உள்ளதற்கு நாலில் இரண்டு பங்கு, கடைசிக்கு நாலில் ஒரு பங்கு. இது ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக. திரும்பவும் சொல்கிறேன், ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாகக் குலுக்கிப் போடுகிறோம்.

இதை அந்த முகாமில் தரையில் உட்கார்ந்து செய்து காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, அந்தப் பெண்ணின் மாமியார், வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். "குடு இங்க" என்று கொட்டையை வாங்கினார். உள்ளங்கையில் உருட்டி, ஒரு சுண்டு சுண்டிப் போட்டார். இரண்டும் வெள்ளை. திரும்பப் போட்டார். இரண்டும் வெள்ளை. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது தடவையும் வெள்ளையே விழுந்தது. மூன்று முறை தொடர்ந்து அப்படி விழ 64-ல் ஒரு வாய்ப்புதான் உண்டு, ஆனாலும் விழுந்தது. நான் விளக்க வாயெடுப்பதற்குள் பாட்டியே மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "கொட்டைக்கு நேத்து விழுந்தது ஞாபகம் இருக்குமா? ஒவ்வொரு ஆட்டமும் புது ஆட்டம்தான்." கல்லூரியில் நான் ஒரு மணி நேரம் எடுத்து நடத்தியதைப் பாட்டி இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் என் பையில் புளியங்கொட்டை இருக்கிறது.

கணக்காகவும் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் கேரியராக இருந்து, நாலு பிள்ளை பெற்ற நூறு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். சுமார் 32 குடும்பங்களில் ஒரு பிள்ளைக்குக்கூட நோய் வராது. சரியாக ஒரே ஒரு பிள்ளைக்கு வருவது 42 குடும்பங்களில்தான், பாதிகூட இல்லை. மீதிக் குடும்பங்களில் இரண்டு, மூன்று, அபூர்வமாக நாலு பேருக்குமே வரும். "எங்க வீட்ல ரெண்டு பேருக்கு வந்துருச்சே, நாங்க என்ன பாவம் செஞ்சோம்" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கை நான் மறக்காமல் சொல்வேன்.

இதை உலகத்துக்கு முதலில் எண்ணிக் காட்டியவர் மெண்டல். இன்றைய செக் நாட்டில் உள்ள புருனோ என்ற ஊரில், ஒரு மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்த துறவி. அவருடைய கட்டுரை 1866-ல் அச்சில் வந்தது. உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 253 செடிகளிலிருந்து 7324 விதைகளை எண்ணினார். 5474 உருண்டை, 1850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. எனக்குப் பிடித்தது அதே கட்டுரையில் அவர் எழுதியிருக்கும் இன்னொரு செய்தி. ஒரு செடியில் 43 உருண்டை, இரண்டே இரண்டு சுருக்கம். இன்னொரு செடியில் 14 உருண்டை, 15 சுருக்கம்! ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் மூன்றுக்கு ஒன்று. ஒற்றைச் செடி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. நம் குடும்பம் ஒவ்வொன்றும் ஒற்றைச் செடிதான். அதிலும் காய்ப்பு இரண்டோ மூன்றோ!

அப்புறம், இந்தக் குலுக்கல் உடம்பில் எங்கே நடக்கிறது? விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும் இடத்தில். நம் செல்லில் மரபணுக்களைத் தாங்கிய 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. அரிவாள் மரபணு இருப்பது 11-வது ஜோடியில். தோல் வளர, புண் ஆற, செல் பிரியும்போது 46-ம் அப்படியே நகலாகிப் போகும். குழந்தைக்கான செல்லுக்கு மட்டும் வேறு விதமான பிரிவு. அதற்குக் குன்றல் பிரிவு என்று பெயர், மியாசிஸ். பெயரிலேயே இருக்கிறது, எண்ணிக்கை பாதியாகக் குன்றிவிடும். குன்றாமல் 46-ம் 46-ம் சேர்ந்தால் அடுத்த தலைமுறைக்கு 92 ஆகிவிடுமே!

அதில் நடப்பது இதுதான். முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் நகலாகிறது. பிறகு ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டி நின்று, சில துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. அப்புறம் ஜோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகிறது. எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி கிடையாது. அதுதான் நம் புளியங்கொட்டை. அதன் பிறகு இன்னொரு முறை பிரிந்து, முடிவில் 23 குரோமோசோம் மட்டும் உள்ள செல் கிடைக்கிறது. துண்டு மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே, ஒருவரிடமிருந்து 83 லட்சத்துக்கும் மேற்பட்ட விதமான சேர்க்கைகள் வரலாம். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி இப்படி மாறி நிற்பது இதனால்தான்.

பெண்களிடம் இதில் ஒரு விசேஷம் உண்டு. பெண் குழந்தை தாயின் கருப்பையில் இருக்கும்போதே அதன் முட்டைகளில் இந்தப் பிரிவு தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. வயதுக்கு வந்த பிறகு, முட்டை வெளிவரும் சமயத்தில்தான் ஜோடி பிரிகிறது. வருடக்கணக்காகக் கொட்டையைக் கையில் வைத்துக் காத்திருந்து அந்த மாதத்தில் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாட்டி சொன்னதுதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது யார் பக்கத்திலிருந்து வந்தது என்று வீட்டில் சண்டை வரும், பெரும்பாலும் பழி மருமகள் மேல் விழும். இரண்டு வெள்ளை விழுந்தால்தான் நோய் என்று பார்த்தோம். அப்படியென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது, சரிபாதி. ஆண் பிள்ளைக்கு மட்டும்தான் வரும் என்பதும் தவறு. 11-வது ஜோடி ஆண், பெண் பார்ப்பதில்லை. சில வகை நிறக்குருடு, ரத்தம் உறையாத நோய் போன்றவை எக்ஸ் குரோமோசோமில் போவதால் ஆண்களிடம் அதிகம் தெரியும், அது வேறு கதை.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். சொந்தத் திருமணம் அரிவாள் மரபணுவை உண்டாக்காது. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த மரபணு இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். மாமன் மகளைக் கட்டினால், பிள்ளையின் மரபணு இடங்களில் 16-ல் ஒரு பங்கில் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அக்கா மகளைக் கட்டினால் எட்டில் ஒரு பங்கு. கட்டக்கூடாது என்று சண்டை போட நான் வரவில்லை. பேச்சு எடுக்கும்போதே இருவரும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மூன்று நிமிடம்தான் மிச்சம் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். டி.என்.ஏ பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குரோமோசோமுக்குள் இருப்பது டி.என்.ஏ என்ற நீண்ட இழை. அதில் ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து. 23 குரோமோசோம் கொண்ட ஒரு தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள். மூன்று எழுத்து சேர்ந்தால் புரதத்தில் ஒரு மணி, அதாவது ஒரு அமினோ அமிலம். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலி 146 மணி கோத்த மாலை. அதில் ஆறாவது மணிக்கான ஜி ஏ ஜி என்பது ஜி டி ஜி ஆகிவிட்டது. ஒரே எழுத்து! குளூட்டமிக் அமிலம் இருந்த இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துவிட்டது. அது வந்ததும், ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குச்சியாகி, அணுவை வளைத்துவிடுகின்றன.

இவ்வளவு துன்பம் தரும் எழுத்து ஏன் அழிந்துபோகவில்லை? கொடிய வகை மலேரியாவிலிருந்து கேரியர்களுக்கு அது பாதுகாப்புத் தருகிறது. ஆப்பிரிக்காவை வைத்து ஆலிசன் என்ற ஆய்வாளர் 1954-ல் காட்டியது இது. 1952-லேயே லேமான், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்தத் தன்மையைக் கண்டு எழுதியிருந்தார்கள். மலையடிவாரக் காடுகளில் மலேரியா தலைவிரித்தாடிய காலம் உண்டு. அந்த மக்களின் முன்னோரைக் காப்பாற்றிய எழுத்து அது. அதை இழிவாகப் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது.

ஒரு நிமிடம்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இரண்டாவதாகப் பிறந்தது பெண் குழந்தை. பார்த்ததில் கேரியர், நன்றாக இருக்கிறாள். அண்ணன் மாத்திரை தவறாமல் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். அரிவாள் செல் சோகையை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023-ல் தொடங்கியது. உங்கள் ஊருக்கு முகாம் வந்தால் போங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள், ஏற்றிய ரத்தம் கலந்து முடிவு மாறிப்போகும். கொடுக்கும் அட்டையை ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள், பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது தேட வேண்டியிருக்காது. வணக்கம்.