காற்றடிக்கிற ஏரியில் காட்டு ட்ராவுட்

வணக்கம். தூண்டில் என்றதும் நம்மில் பலருக்கு மண்புழு, தக்கை, கரையில் உட்கார்ந்து காத்திருப்பது எல்லாம்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு நான் பேச வந்தது வேறு மாதிரித் தூண்டில். ஸ்காட்லாந்தின் வடமேற்கில், சதர்லாந்து பகுதியில், அசிண்ட் என்று ஒரு மலைநாடு இருக்கிறது. அங்கே பாறை இடுக்குகளில் சின்னதும் பெரியதுமாக ஏராளமான ஏரிகள், அவர்கள் லாக் என்பார்கள். பாதிக்கு மேல் சாலையே கிடையாது, சேறும் புதரும் பாறையுமாக மணிக்கணக்கில் நடந்துதான் போக வேண்டும். யாரும் பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விடாமல், தானாகவே பிறந்து வளர்ந்த பழுப்பு ட்ராவுட் என்கிற மீன் அந்த ஏரிகளில் இருக்கிறது. அதை ஃபிளை போட்டுப் பிடிப்பதில் எனக்குப் பல வருடமாகப் பித்து.

ஃபிளை என்பது இறகும் முடியும் நூலும் சுற்றி முள்ளின் மேல் கட்டிய பொய்ப்பூச்சி. எடையே இருக்காது. அப்புறம் எப்படி எறிவது? இங்கே எடை நரம்பில்தான் இருக்கிறது. தடிமனாகப் பூச்சு போட்ட நரம்பு அது. கோலைப் பின்பக்கம் வீசி, அந்த நரம்பு முதுகுக்குப் பின்னால் முழுசாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, அதன்பிறகு முன்னால் வீசினால் பூச்சி தன்னால் போய் விழும். அந்த ஒரு கணம் பொறுக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

சரி, நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடாத ஒன்று: தூரம் வீசாதீர்கள். செடிகள் மக்கிய கரியமண் ஊறி, அந்த ஏரித் தண்ணீர் பால் விடாத டீ போல இருக்கும். வெளிச்சம் அதிக ஆழத்துக்கு இறங்காது, அதனால் மீனுக்கு இரை பெரும்பாலும் கரையோரக் கல்லிலும் மேட்டிலும்தான். புதிதாக வருகிறவர்கள் நேராகத் தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்று நடு ஏரிக்கு வீசுவார்கள். மீன் இருந்த இடத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள்!

இதை எனக்குக் கண்ணால் காட்டியவர் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர். ஆகஸ்ட் மாதம், சூல்வன் மலைக்குக் கீழே, மேற்குக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை. கரையிலிருந்து இரண்டு எட்டு பின்வாங்கி நின்றார். நரம்பில் மூன்று ஃபிளை. முதல் வீச்சு கரையை ஒட்டியே, ஒரு ஆள் நீளம் தள்ளி விழுந்தது. மெல்ல இழுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கோலை உயர்த்தினார். மேலே கட்டியிருந்த கறுப்பு ஃபிளை மட்டும் அலையின் தலையில் தத்தித் தத்தி வந்தது. நான் எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, அப்படியே வைத்திருந்தார். அடியிலிருந்து மஞ்சளாக ஒன்று புரண்டது, கோல் வளைந்தது. பிறகு நான்கு எட்டு நடந்தார், மறுபடி வீசினார். ஒரே இடத்தில் நிற்கவே இல்லை. "மீன் உன்னைத் தேடி வராது தம்பி, நீதான் நடக்கணும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அன்றைக்கு முழுக்க நடந்தோம்.

ஏன் கறுப்பு ஃபிளை என்று கேட்கலாம். அந்தப் பருவத்தில் ஹெதர் புதரிலிருந்து ஒரு கறுப்பு ஈ காற்றில் அடித்துக்கொண்டு வந்து தண்ணீரில் விழும். கையில் எடுத்துப் பார்த்தால் தொடை மட்டும் நல்ல சிவப்பு. பிபியோ என்ற ஃபிளையில் கறுப்புக்கு நடுவே ஒரு சிவப்புப் பட்டை வைத்துக் கட்டுவது அதற்காகத்தான். காற்று அடிக்கிறதே என்று சலித்துக்கொள்ளக் கூடாது. பூச்சியைக் கொண்டுவருவதும் காற்றுதான், தண்ணீரைக் கலைத்து நம்மை மீன் கண்ணிலிருந்து மறைப்பதும் காற்றுதான். கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கிற ஏரியைவிட அலையடிக்கிற ஏரியே எனக்கு வேண்டும்.

மீன் சின்னதாயிற்றே என்பார்கள். ஆமாம், அசிண்டில் பல ஏரிகளில் கால் கிலோ இருந்தாலே நல்ல மீன். அடியில் இருப்பது உலகத்தின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று, அதிலிருந்து தண்ணீருக்குச் சத்து எதுவும் கரைந்து வராது. அதோடு ஓடைகளில் முட்டையிட நல்ல சரளை இருந்தால் குஞ்சுகள் நிறையப் பிழைத்து, இருக்கிற இரையைப் பங்கு போட்டுக்கொள்ளும். அங்கிருந்து வடக்கே டர்னஸ் போனால் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் தெளிவு, நத்தையும் இறால்பூச்சியும் ஏராளம், அதே இன மீன் கிலோக்கணக்கில் வளரும், ஆனால் பிடிப்பது லேசில்லை. ஒரு மேடு ஏறி அடுத்த ஏரிக்குப் போனாலே மீனின் நிறம் மாறும். ஒன்றில் வெண்வட்டத்துக்குள் சிவப்புப் புள்ளி, இன்னொன்றில் பெரிய பெரிய கறுப்புப் புள்ளி. பனிப்பாறை உருகிய காலத்தில் கடலிலிருந்து ஏறி வந்தவற்றின் சந்ததி இதில் நிறைய, பின்னால் மனிதர்கள் தூக்கிப்போய் விட்டதும் உண்டு. இப்படிப்பட்ட ஏரியில் பண்ணை மீனைக் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது, எத்தனை பெரிய மீனாக இருந்தாலும் சரி. சிறியதோ பெரியதோ, அது அந்த ஏரியின் மீன்.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். ஆழத்தில் மற்ற மீனைத் தின்றே பெரிதாகிற ஃபெராக்ஸ் ட்ராவுட் பற்றித் தனியாகச் சொல்ல வைத்திருந்தேன். 2002-ல் ஸ்காட்லாந்தின் ஆவ் ஏரியில் 14 கிலோவுக்கு மேல் ஒன்று கிடைத்தது, அதோடு விடுகிறேன். போகிறவர்களுக்கு: பருவம் மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. அங்கே எந்த மலையிலும் நடக்க உரிமை உண்டு, ஆனால் அந்த உரிமையில் மீன்பிடிப்பு சேராது, அனுமதி வாங்க வேண்டும். வடக்கு அசிண்டில் 1993-ல் அந்த நிலத்தில் பயிர் வைத்திருந்த சிறு குடியானவர்களே கூடிப் பணம் திரட்டி எஸ்டேட்டை வாங்கினார்கள், அங்கே சீட்டுக்குக் கொடுக்கிற காசு அவர்களுக்குப் போகிறது, சந்தோஷமாகக் கொடுங்கள். தனியாகப் போனால் எந்த ஏரி என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். மீனைத் திரும்ப விடுவதானால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். முகத்துக்கு ஒரு வலை கட்டாயம், காற்று நின்றதும் மிட்ஜ் என்கிற பொடிப் பூச்சி கூட்டமாக வந்து கடிக்கும். வணக்கம்.