வெயில் முதுகில், காற்று முகத்தில்: சென்னையின் தோட்டங்களும் கடைத்தெருக்களும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

வெளியூரிலிருந்து உறவினர் சென்னைக்கு வந்தால், "எங்கே கூட்டிப் போகலாம்" என்ற பேச்சு முதல் நாள் இரவே தொடங்கிவிடும். எத்தனை மணிக்கு என்பதை யாரும் யோசிப்பதில்லை. பதினொன்றரை மணிக்கு அடையாறு ஆலமரத்தைப் பார்க்கக் கிளம்பி, கதவு மூடியிருப்பதைக் கண்டு திரும்பி, ஒரு மணிக்கு ரங்கநாதன் தெருவில் நுழைந்து, மூன்று மணிக்குத் தலைவலியோடு வீடு வந்து படுத்துக்கொள்கிறார்கள். இடங்களில் குறையில்லை. சூரியன், கடல்காற்று, பூட்டு இந்த மூன்றின் நேரத்தையும் தெரிந்துகொண்டால், மே மாதத்திலும் இந்த ஊரில் சுகமாக ஒரு நாளைக் கழிக்கலாம். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் சூரியன். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒரு முறை, உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். நட்டுவைத்த கம்புக்குக்கூட அப்போது நிழல் விழாது. இடைப்பட்ட மாதங்களிலும் நடுப்பகல் நிழல் காலடியில் சுருண்டுதான் கிடக்கும். மூன்று மாடிக் கட்டடத்தின் ஓரமாக நின்றாலும் ஒண்டுவதற்கு நாலு முழ நிழல் தேறினால் அதிகம். ஆகவே கோடையில் காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை கட்டட நிழலை நம்பி நடக்கக் கூடாது. அந்நேரத்துக்கு மரம் வேண்டும், இல்லையேல் கூரை வேண்டும். தார்ச்சாலையின் மேற்பரப்பு அப்போது 50 டிகிரியைத் தாண்டிவிடும். மெல்லிய ரப்பர் செருப்போடு நடக்கிற குழந்தைக்கு உள்ளங்கால் சுடுவது அதனால்தான்.

அடுத்தது காற்று. தரை சூடேறச் சூடேற அதன் மேலுள்ள காற்று எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். வழக்கமான கோடை நாளில் இது நண்பகலை ஒட்டிக் கரையேறி, மெரினாவைத் தொட்டு, பிறகு மெல்ல உள்ளே நகர்ந்து தியாகராய நகரை எட்டும். ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று பலமாக வீசினால் கடல்காற்றை அது தள்ளிப் பிடித்துவிடும். இரண்டு, மூன்று மணி ஆனாலும் காற்று திரும்பாது. 2003 மே கடைசியில் 45 டிகிரியைத் தொட்டது அப்படியொரு தரைக்காற்று நாளில்தான். இதை அறிய வானிலை அறிக்கைகூடத் தேவையில்லை. மதியம் ஒரு மணிக்கு மொட்டைமாடியிலிருந்து வேப்பங்கிளையைப் பாருங்கள். கிளை மேற்கு நோக்கிச் சாய்ந்து, தோலில் பிசுபிசுப்புத் தட்டினால் கடல்காற்று வந்துவிட்டது, மாலையில் தாராளமாகக் கிளம்பலாம். கிளை கிழக்கே சாய்ந்து உதடு உலர்ந்தால், அன்றைக்குக் கடைத்தெருவை ஐந்து மணிக்கு மேல் தள்ளிவையுங்கள்.

காலைப்பொழுது தோட்டங்களுக்கு. மாநகராட்சிப் பூங்காக்களில் பெரும்பாலானவை அதிகாலையில் திறந்து, நடுப்பகலில் பூட்டி, மாலையில் மறுபடி திறப்பவை. ஆறு மணிக்குப் போய் எட்டரைக்குத் திரும்புவது உத்தமம். மயிலாப்பூர்ப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சனம் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயர் தாங்கியது. அங்கே ஒரு சுற்று முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குள் கபாலீஸ்வரர் கோயிலுக்குள் போய்விட வேண்டும். பதினொரு மணிக்குப் போனால் பிரகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாது, நண்பகலில் நடையும் சாத்திவிடுவார்கள். தரிசனம் முடித்துத் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் காலை நிறைவு.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குத் தனியாக ஒரு காலையை ஒதுக்குங்கள். 1882இல் சபை தன் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தது. ஆறு கடலில் கலக்கும் இடத்தையொட்டிச் சுமார் 260 ஏக்கர். பார்வையாளர்களைக் காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம் மட்டுமே உள்ளே விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இந்த நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளே வாகனம் போகாது, நடந்துதான் போக வேண்டும். சாப்பாட்டுப் பையும் பந்தும் எடுத்துப்போகும் இடமல்ல அது.

எல்லோரும் தேடிப்போகும் ஆலமரத்துக்கு வயது ஏறத்தாழ 450 என்று சொல்வார்கள். போனவர்களில் பலர், "மரம் எங்கே?" என்று அதன் நடுவிலேயே நின்று கேட்பதுண்டு. அடிமரம் 1989 புயல்காற்றில் சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பவை விழுதுகள். கிளையிலிருந்து நூலாக இறங்கிய விழுது தரையைத் தொட்டதும் வேர் பிடித்து, பருத்து, அதுவே ஒரு மரமாகத் தாங்கத் தொடங்கிவிடும். ஆகவே பார்க்க வேண்டியது மேலே. ஒரு தடித்த விழுதைத் தேர்ந்துகொண்டு அண்ணாந்து பாருங்கள். அது எந்தக் கிளையிலிருந்து இறங்கியது, அந்தக் கிளை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் தொடர்ந்து போனால், எல்லாக் கிளைகளும் ஒரு வெற்றிடத்தை நோக்கிப் போவது தெரியும். பழைய அடிமரம் நின்ற இடம் அது. இளம் விழுதுகளைப் பிடித்து ஊஞ்சலாடக் கூடாது. அவற்றின் நுனிதான் வளரும் பகுதி, நுனி கசங்கினால் விழுது தரைக்கு வந்து சேராது. வேரைச் சுற்றிக் கூட்டமாக நின்று மண்ணை மிதித்து இறுக்குவதும் கெடுதல். இறுகிய மண்ணில் மழைத்தண்ணீர் இறங்காது, காற்றும் இறங்காது.

மர நிழல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், நிழலுக்கும் பருவம் உண்டு. புங்கமரம் பின்பனியில் இலை உதிர்த்து, வெயில் முற்றும்போது பளபளவென்று புதுத்தழை விட்டு அடர்ந்துவிடும். ஏப்ரலில் அதன் கீழே நடந்தால் தரையெல்லாம் வெளிர் ஊதாப் பூ. வேம்பும் அப்படித்தான். செம்மயிற்கொன்றை இதற்கு நேரெதிர். மே மாதத்தில் தீப்பிடித்தாற்போலப் பூக்கும், ஆனால் பூக்குமுன் மொட்டையாக நிற்கும். கண்ணுக்கு அழகு, தலைக்கு நிழலில்லை. மென்மரம் என்பதால் பலத்த காற்றில் கிளை முறியவும் செய்யும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் இந்த நகரின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்த பிறகு, பல தெருக்களின் நிழலே போய்விட்டது. அங்கே புங்கமும் வேம்பும் மகிழமும் நட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நிழலில்லாத தெருவில் முதியவர்கள் நடக்கவே முடிவதில்லை.

கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதைத் தெரியாமல் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்காவை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த நிலம், 20 ஏக்கர், 2010 நவம்பரில் திறந்தது.

நடுப்பகலில் வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுங்கள். அப்படியும் வெளியே இருக்க வேண்டிவந்தால் எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற கூரையுள்ள இடம். அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் வீதம் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. வீட்டிலேயே கலக்குவதானால், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை தட்டையாக 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இந்த அளவைக் கூட்ட வேண்டாம், உப்பு கூடினால் தீங்கு. யாராவது வெயிலில் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறி, உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெறும் களைப்பில்லை. நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

இனிக் கடைத்தெரு. ஒரு மாலையில் தியாகராய நகரை நடந்து முடிக்க ஒரு வழி சொல்கிறேன். காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும். மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்குங்கள், மூன்றரை மணிக்கு. ரங்கநாதன் தெருவுக்குள் இறங்க வேண்டாம். இரு பக்கமும் உயர்ந்த கடைகள் இருப்பதால் அங்கே வெயில் விழாதுதான், ஆனால் ஏசி இயந்திரங்கள் வெளியே தள்ளும் சூடும் நெரிசலும் சேர்ந்து காற்றே நுழையாது. அந்தத் தெருவுக்கு வேலைநாளில் காலை, கடை திறந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் பொருத்தம். நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்தில் 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைமேம்பாலம் இருக்கிறது. நெரிசலைத் தலைக்குக் கீழே விட்டுவிட்டு அதன் வழியே உஸ்மான் சாலைக்கு வந்துவிடலாம்.

உஸ்மான் சாலை தெற்கு வடக்காக ஓடுகிறது. மே மாதத்தில் மூன்று மணிக்குக் கட்டடத்தின் உயரமளவு நிழல் கிழக்கே விழும், நாலு மணிக்கு ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே மேற்குப் பக்க நடைபாதையைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தால் பனகல் பூங்கா வரை பெரும்பாலும் நிழலிலேயே வரலாம். பட்டுப்புடவை வாங்குவதானால் இந்த நேரத்தில் வாங்குங்கள். சூரிய வெளிச்சம் இருக்கும்போதே. காரணம் இதுதான்: மயில்கழுத்து போன்ற நிறங்களில் நீளவாட்டு இழையான பாவு ஒரு நிறம், குறுக்கிழையான ஊடை வேறு நிறம். புடவையை லேசாக அசைக்கும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிவதுதான் அதன் உயிர். கடையின் மஞ்சள் விளக்கில் நீலம் அடங்கிவிடும், சரிகையோ உள்ளதைவிடக் கூடுதலாக மின்னும். வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு "இந்த நிறமா எடுத்தோம்" என்று திகைப்பது இதனால்தான். வாங்குமுன் வாசலுக்கு எடுத்துவரச் சொல்லி, உடலையும் கரையையும் முந்தானையையும் ஒரே மடிப்பில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். டிசம்பரில் ஐந்தே முக்காலை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும், அப்போது நாலு மணிக்கே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

ஐந்தே காலுக்குப் பனகல் பூங்காவிலிருந்து பாண்டி பஜாருக்குள் நுழையுங்கள். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதன் சுருக்கம்தான் பாண்டி பஜார். 2019 நவம்பரில் நடைபாதைகளை அகலப்படுத்தி நடப்பவர்களுக்கான வளாகமாக மாற்றினார்கள். தியாகராய சாலை மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. எதிர்த்திசையில், தேனாம்பேட்டையிலிருந்து பனகலை நோக்கி நடந்தால் சாயும் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். பனகலிலிருந்து கிழக்கே நடந்தால் வெயில் முதுகில், கடல்காற்று முகத்தில். ஒரே தெரு, ஒரே நேரம், திசை மாறினால் களைப்புப் பாதியாகிவிடும். நடை முடியும் இடத்தில் அண்ணா சாலை, தேனாம்பேட்டை மெட்ரோ நிலையம். மெட்ரோ கட்டுமானத்துக்காக வழி அடிக்கடி மாறுவதால் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்தத் திட்டம் சரிப்படாது. தியாகராய நகர் எழும்பியிருப்பது 1920களில் தூர்க்கப்பட்ட மாம்பலம் ஏரியின் மேல். பழைய ஏரிக்குத் தன் இடம் தெரியும். 2021 நவம்பர் மழையில் இங்கே தண்ணீர் தேங்கி நின்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரவெல்லாம் பெருமழை என்றால் மறுநாள் இங்கே போகவேண்டாம்.

மொத்தமாக வாங்குகிறவர்களுக்குப் பாரிமுனை. அங்கே ஒரு தெருவுக்கு ஒரு தொழில். துணிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு, பாத்திரத்துக்கும் சாட் தின்பண்டத்துக்கும் சௌகார்பேட்டை மின்ட் தெரு. ஞாயிறு பெரும்பாலும் அடைப்பு. உயர்நீதிமன்ற மெட்ரோவில் இறங்கிப் பத்து மணிக்குத் தொடங்கினால் உச்சிக்குள் முடிக்கலாம்.

செடியும் பூவும் கடைசியில். செடி வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காமல் பையின் அடியைப் பாருங்கள். வேர் துளை வழியே நீளமாக வெளியே வந்து சுருண்டிருந்தால், வெகுநாள் அந்தப் பையிலேயே கிடந்த செடி அது. இலையைத் திருப்பி நரம்போரம் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதாவது ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, வீட்டிலுள்ள செடிகளுக்கும் பரவும். வாங்கிய செடியை வெயில் தாழ்ந்த பிறகே எடுத்துச்செல்லுங்கள். வீட்டில் நான்கைந்து நாள் அரைநிழலில் வைத்துவிட்டுத் தொட்டி மாற்றலாம்.

மல்லிகைக்குக் கோடைதான் பருவம். விடியலில் பறித்த மொட்டு அந்தி சாய்ந்ததும் மலரும். மாலையில் வாங்கும்போது இறுகிய, வெள்ளை வெளேரென்ற மொட்டாகப் பாருங்கள். காம்போரம் பழுப்பேறியிருந்தால் நேற்றைய பூ. முழம் என்பது பூக்காரம்மாவின் கையளவு, ஆளுக்கு ஆள் சற்றே மாறும். ஈர வாழையிலையில் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் பூ புழுங்கிவிடும். ஆறே முக்காலுக்கு ரயில் ஏறினால், வீட்டு வாசலை எட்டும்போது இலைக்குள் மொட்டு விரியத் தொடங்கியிருக்கும்.

வணக்கம்.