காரம் கசக்கும் என்று படித்த பிள்ளை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் வாசிப்புத் திறனை வளர்ப்பது மொழியாசிரியரின் கடமையா, எல்லாப் பாட ஆசிரியர்களின் கடமையா என்பது இன்றைய தலைப்பு. எல்லாப் பாட ஆசிரியர்களின் கடமையே என்று வாதிட வந்திருக்கும் நான் ஒரு கணித ஆசிரியர். இந்த அணியில் பேசுவதால் எனக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வாக்கியத்தின் பொருளை உணரவும் தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்ட பிள்ளை, அறிவியலையும் தானே வாசிக்கும், வரலாற்றையும் தானே வாசிக்கும்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், "காரங்கள் கசப்புச் சுவை உடையவை" என்று அறிவியல் புத்தகத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. நன்றாக வாசிக்கக் கற்ற பிள்ளை இதை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்துவிடும். அந்தப் புத்தகத்தில் காரம் என்பது அமிலத்தை நடுநிலையாக்கும் வேதிப்பொருள். அந்தப் பிள்ளையின் வீட்டில் காரம் என்பது மிளகாயில் இருப்பது, நாக்கை எரிப்பது. அது எப்படிக் கசக்கும் என்று ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்கிறதா? கேட்பதில்லை. மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறது. அடுத்த பத்தியில் உப்பு வருகிறது. சமையலறையில் ஒரே உப்புதான். வேதியியலில் மயில்துத்தமும் உப்புதான், அதைக் குழம்பில் போட முடியாது. ரேஷன் கடையில் எடை கிலோவில் இருக்கிறது. இயற்பியல் புத்தகத்தில் கிலோகிராம் நிறைக்கு உரியது, எடையை நியூட்டனில் சொல்ல வேண்டும். தலையில் மூட்டையோடு ஒரு மணி நேரம் ஓரிடத்திலேயே நின்ற தொழிலாளி செய்த வேலை சுழி என்று அதே புத்தகம் சொல்கிறது. அதைக் காட்டிக் கூலியைக் குறைக்கப் போனால் என்ன நடக்கும் என்பது வேறு விஷயம். என் பாடத்தில் இருபடிச் சமன்பாட்டுக்கு மூலம் உண்டு என்று நான் சொல்லும்போது கடைசி வரிசையில் எழும் சிரிப்பை இங்கே விளக்க வேண்டியதில்லை.

இவற்றில் ஒன்றுகூடக் கடினமான சொல் அல்ல என்பதை அவை கவனிக்க வேண்டும். கடினமான சொல்லாக இருந்தால் பிள்ளை தடுக்கி நிற்கும், அருகில் இருப்பவரையாவது கேட்கும். தெரிந்த சொல்லாக இருப்பதால்தான் நிற்காமல் போய்விடுகிறது. காரம் என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளைத் தமிழாசிரியர் சொல்லிவிடலாம். இந்த வாக்கியத்தில் பிள்ளை மிளகாயை நினைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் நிற்பவர் அறிவியல் ஆசிரியர்தான்.

சொல்லை விடுங்கள், படத்துக்கு வருகிறேன். தொலைவு-காலம் வரைபடத்தில் ஒரு கோடு கிடைமட்டமாகச் சென்றால் வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். திசைவேகம்-காலம் வரைபடத்தில் அதே கோடு அதே கிடைமட்டத்தில் சென்றால் வண்டி சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கோடு ஒன்று, பொருள் இரண்டு. அச்சில் எழுதியிருப்பதை முதலில் வாசித்துவிட்டுப் பிறகு கோட்டுக்கு வர வேண்டும் என்ற பழக்கத்தை எந்தச் செய்யுள் பகுதி கற்றுத் தரும்?

வரலாற்றுக்கு வாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் படிக்காத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. குடவோலை முறை என்றால் அந்தக் காலத்து மக்களாட்சி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடும். அந்தக் கல்வெட்டு சொல்லும் தகுதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தால் வேறொன்று தெரியும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அப்படியானால் அந்த ஊரில் யாருடைய பெயர் குடத்துக்குள் விழவே முடியாது? நிலமில்லாதவர் எங்கே, பெண்கள் எங்கே? கல்வெட்டின் தமிழைப் பிரித்துப் பொருள் சொல்லத் தமிழாசிரியரால் என்னைவிட நன்றாக முடியும். ஆனால் இதை யார் பொறித்தார்கள், யாருக்காகப் பொறித்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று கேட்டு வாசிப்பது வரலாற்றுக்கே உரிய வாசிப்பு முறை. வாசிப்பு என்று நாம் ஒருமையில் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் பல.

இது எங்கள் அணி இன்று புதிதாகக் கண்டுபிடித்த கருத்து அல்ல. இங்கிலாந்தில் ஆலன் புல்லக் தலைமையிலான குழு, ஒவ்வொரு பள்ளியும் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான மொழிக் கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று 1975ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, அறிவியல், சமூக அறிவியல், கணித வகுப்புகளும் மொழி வகுப்புகளே என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மற்றப் பாட ஆசிரியருக்கு இதில் பயிற்சி இல்லை என்றார் எதிரணித் தலைவர், இரண்டாண்டுப் பி.எட். படிப்பில் பாடங்கள் தோறும் மொழி என்பது எல்லாப் பாட ஆசிரியர்களும் படிக்க வேண்டிய தாள். தாளில் தேர்ச்சி பெற்றுவிட்டு வகுப்பறையில் அதை மறந்துவிட்டோம் என்றால், அந்தக் குற்றச்சாட்டை என் அணியின் சார்பில் நானே ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்றை மறுக்க மாட்டேன். அடித்தளம் தமிழாசிரியர் போடுவதுதான். ஆனால் தொடக்கப் பள்ளியில் தமிழையும் கணக்கையும் அறிவியலையும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் நடத்துகிறார். அங்கே இந்த எல்லைத் தகராறே கிடையாது. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார், புத்தகங்களும் கனக்கின்றன. வாசிப்பு கடினமாகும் அந்த ஆண்டில்தான், வாசிப்பு தன் பொறுப்பு அல்ல என்று சொல்லக்கூடிய ஆசிரியர்களும் வந்து சேர்கிறார்கள்.

கடைசியாக நேரம். பாடப்பகுதியை முடிக்கவே நேரம் போதவில்லை, இதில் வாசிப்பு வேறா என்று எதிரணி கேட்டது. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? "மூன்றாம் கேள்விக்கு விடை இங்கே ஆரம்பம், இங்கே முடிவு, அடைப்புக்குறி போட்டுக்கொள்" என்கிறோம். பிள்ளை தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய விடையை நாமே தேடிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் பென்சில் குறி விழாத இடமெல்லாம் வாசிக்கத் தேவையற்ற இடம் என்றும் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

சென்ற ஆண்டு என் ஏழாம் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன்: "ஓர் எண்ணை 20இலிருந்து கழித்தால் 8 கிடைக்கிறது எனில், அந்த எண் யாது?" பலர் 28 என்று எழுதியிருந்தார்கள். முன்னால் வந்ததை முன்னால் எழுதி, அந்த எண்ணிலிருந்து 20ஐக் கழித்திருந்தார்கள். கழித்தலில் பிழையே இல்லை. செய்யுளில் சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்ளும் முறையைத் தமிழில் கொண்டுகூட்டு என்கிறோம். இந்தக் கணக்குக்கு வேண்டியிருந்தது அதுதான். "மரத்திலிருந்து பழம் விழுந்தது" என்று ஐந்தாம் வேற்றுமைக்கு எடுத்துக்காட்டு எழுதத் தெரிந்த அதே பிள்ளைகளுக்கு, அந்த "இலிருந்து" கணக்கு நோட்டுக்குள்ளும் வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. வாக்கியத்தை உரக்க வாசிக்கச் சொல்லி, "எதிலிருந்து எது நீங்குகிறது?" என்று மட்டும் கேட்டேன். நான் சாக்பீஸை எடுப்பதற்கு முன்பே 28ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு அரை நிமிடம் ஆனது. அந்த ஆண்டு என் பாடப்பகுதியும் உரிய நாளில் முடிந்தது.